மழைநீரை மண்ணிடம் ஒப்படைப்போம்

பெருமழை பெய்து ஓய்ந்த பின்னர் நகரங்களில் வெள்ளத்தை விடவும் மக்களை வருத்துவது கழிவுநீர்ப் பெருக்கெடுப்பு ஆகும். ஆளிறங்கு குழிகளின் மூடிகளைத் தள்ளிக்கொண்டு மலசலக் கழிவு வீதிக்கு வருகின்றது. தாழ்நிலக் குடியிருப்புகளின் முற்றங்களிலே தேங்குகின்றது. வயிற்றோட்டத்தையும் நெருப்புக் காய்ச்சலையும் முதலில் எதிர்கொள்பவர்கள் அங்கு வாழும் ஏழை மக்களும் அவர்களது குழந்தைகளுமே.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட பல குழாய்கள், வீட்டுக் கழிவையும் மழைநீரையும் ஒன்றாகவே கொண்டு செல்பவை. அவை நிரம்பியதும் மிகையான நீர் சுத்திகரிக்கப்படாமலேயே ஆற்றில் விழுகின்றது. நிலம் தாரினாலும் சீமெந்தினாலும் மூடப்பட மூடப்பட, மண்ணுக்குள் இறங்க வழியற்ற மழை குழாயையே நாடுகின்றது.

இதற்கான வழமையான தீர்வு பெரிய குழாய் அமைப்பதாகும். லண்டன் மாநகரம் 25 கிலோமீற்றர் நீளமான சுரங்கக் குழாயை அமைத்து, 2025 இல் அதனை முழுமையாக இயங்கச் செய்தது. செலவு 400 கோடி பவுணுக்கும் அதிகமாகும். இத்தகைய நிதிவளம் எல்லா நகரங்களுக்கும் வாய்ப்பதில்லை.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் வேறு வழியைத் தெரிந்தெடுத்தது. 2011 இல் அங்கு ஆரம்பிக்கப்பட்ட 25 வருடத் திட்டத்தின் கீழ், வீதியோர மரக்குழிகள், மழைநீர்த் தோட்டங்கள், நீர் உட்புகும் நடைபாதைகள் ஆகியன அமைக்கப்பட்டு வருகின்றன. ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ ஒரு இலட்சம் லீற்றர் நீர் சேரும். அதனை மண்ணே ஏற்றுக்கொண்டால் குழாயின் சுமை குறைகின்றது. முதற் பத்தாண்டுகளில், ஆண்டொன்றுக்கு ஆறுகளிற் கலக்கும் அசுத்த நீர் சுமார் 1,100 கோடி லீற்றரால் குறைக்கப்பட்டதாக அந்நகர நீர்த் திணைக்களம் அறிவித்தது. வர்த்தகக் கட்டடங்களிடமிருந்து, நீர் புகாத தரையின் பரப்புக்கேற்ப மழைநீர்க் கட்டணமும் அறவிடப்படுகின்றது.

இந்தியானா மாநிலத்தின் சவுத் பென்ட் நகரம் தகவலைத் துணைக்கு அழைத்தது. ஒரே மழையின்போது சில குழாய்கள் பொங்கி வழிய, வேறு சில பாதி வெறுமையாக இருப்பதுண்டு. அந்நகரம் 2008 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் நீர்மட்டத்தை அளக்கும் உணர்கருவிகளைப் பொருத்தியது. கணினியின் வழிகாட்டலில் வால்வுகள் தாமாகத் திறந்தும் மூடியும், இடமுள்ள குழாய்களுக்கு நீரைத் திருப்பின. ஆற்றில் விழும் கழிவுநீர் சுமார் 70 சதவீதத்தால் குறைந்தது. இதன் பயனாக 2021 இல் கட்டுமானத் திட்டம் திருத்தப்பட்டு, 40 கோடி டொலருக்கும் அதிகமான செலவு தவிர்க்கப்பட்டது.

ஆயினும் இவை மந்திரங்கள் அல்ல. அடைப்பைக் கருவி காட்டிக்கொடுக்கும். அதனை அகற்றுவதற்குத் தொழிலாளியும் அவருக்கான பாதுகாப்பு உபகரணமும் தேவை. மண்டி படிந்த மழைநீர்த் தோட்டம் நீரை உறிஞ்சாது. பராமரிப்புக்கு நிதி ஒதுக்காத திட்டம் ஓரிரு வருடங்களிலேயே பயனற்றுப் போகும்.

இந்த அனுபவம் கொழும்புக்கும் பொருந்தும். இங்கு கழிவுநீர்க் குழாய்களும் மழைநீர் வடிகால்களும் தனித்தனியானவை. எனினும், நூறாண்டு கடந்த குழாய்களின் வெடிப்புகளூடாகவும் முறையற்ற இணைப்புகளூடாகவும் மழைநீர் உட்புகும்போது விளைவு ஒன்றேயாகும். மழைநீரைத் தாங்கிக்கொள்ளும் ஈரநிலங்கள் சுமார் 20 சதுர கிலோமீற்றர் பரப்பில் இம்மாநகரப் பிரதேசத்தில் எஞ்சியுள்ளன. 2018 இல் ராம்சார் சமவாயத்தின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தைக் கொழும்புக்குப் பெற்றுத் தந்தவையும் அவையே. பிலடெல்பியா பெரும் பணம் கொடுத்து உருவாக்குவதை இயற்கை நமக்கு இலவசமாகவே தந்திருக்கின்றது. அதனை மண்ணிட்டு நிரப்புவதும் கழிவுகளைக் கொட்டும் இடமாக்குவதும் நமக்கு நாமே இழைக்கும் தீங்காகும்.

எனவே, ஈரநிலங்களை நிரப்புவதைத் தடுத்தல், புதிய கட்டடங்கள் தமது மழைநீரைத் தமது காணியிலேயே தாங்குவதைக் கட்டாயமாக்குதல், அடிக்கடி பெருக்கெடுக்கும் குழிகளிலேனும் அளவுக்கருவிகளைப் பொருத்துதல் ஆகிய மூன்றையும் முதலில் மேற்கொள்ள வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு. வீதிகளைத் தோண்டிப் பெருங் குழாய்களைப் புதைப்பதைப் பற்றி அதன் பின்னரே சிந்திக்கலாம். அடுத்த பருவமழைக்கு முன்னர் உரிய தரப்பினர் இதனைக் கவனத்திற் கொள்வார்களா?