பெத்னல் கிரீன் நிலையத்தின் படிக்கட்டு

கல்கத்தாவில் 1984ஆம் ஆண்டிலும், தலைநகராகிய தில்லியில் 2004ஆம் ஆண்டிலும் பூமிக்கடியில் ரயில் ஓடத் தொடங்கிற்று. அந்நகரங்களில் வாழும் நம்மவர் பலர் நாள்தோறும் அந்நிலையங்களின் படிகளில் இறங்கி ஏறுகின்றனர். படியின் நடுவே கைப்பிடி இருக்கிறதா, விளக்குப் போதுமா என்று எவரும் நின்று பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அவை இல்லாதிருந்த ஒரு நிலையத்தின் வரலாற்றையே இங்குச் சொல்லப் போகிறேன்.

லண்டன் மாநகரின் கீழ்த்திசையில் பெத்னல் கிரீன் என்னும் பேட்டை உள்ளது. முன்னாளில் பட்டு நெசவாளரும், பின்னர் மரச்சாமான் செய்யும் தச்சரும் நெருங்கி வாழ்ந்த ஏழைப் பேட்டை அது. லிவர்பூல் தெரு நிலையத்தோடு நின்றிருந்த பாதாள ரயிலைக் கிழக்கே நீட்டும் வேலை 1936இல் தொடங்கியது; பெத்னல் கிரீனிலும் ஒரு நிலையம் குடையப்பட்டது. வேலை முடிவதற்குள் இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. குகைகள் ஆயத்தமாக இருந்தன. ஓட ரயில்தான் இல்லை.

1940 செப்டம்பர் 7 முதல் ஜெர்மானிய விமானங்கள் லண்டன்மீது இரவு தவறாமல் குண்டு வீசின. பாதாள ரயில் நிலையங்களை மக்கள் புகலிடமாகக் கொள்வதை அரசாங்கம் முதலில் விரும்பவில்லை. ஜனங்களோ பிரயாணச் சீட்டு வாங்கிக்கொண்டு கீழே இறங்கினர்; இறங்கியவர் மேலே வர மறுத்தனர். முடிவில் அரசாங்கமே இணங்க நேர்ந்தது. ரயில் ஓடாத பெத்னல் கிரீன் நிலையம் இதற்கு மிகவும் ஏற்றதாயிற்று. அங்கே ஐயாயிரம் பேர் படுக்க அடுக்குக் கட்டில்கள் போட்டார்கள். மேலும் இரண்டாயிரம் பேர் தங்க இடமிருந்தது. சிற்றுண்டிச் சாலையும், முந்நூறு பேர் அமரத்தக்க நாடக அரங்கும் அமைந்தன. பேட்டையின் நூலகம் குண்டு வீச்சில் சிதைந்துபோகவே, தண்டவாளம் இட வேண்டிய பள்ளத்தைப் பலகையால் மூடி, அதன்மேல் ஒரு சிறு நூலகத்தையும் நடத்தினர். மேலே வீடுகள் எரிந்துகொண்டிருக்கக் கீழே குழந்தைகள் கதைப் புத்தகம் வாங்கிப் படித்தார்கள்.

இத்தனைக்கும் வழி ஒன்றே. தெருவிலிருந்து 19 படிகள். அப்பால் ஒரு திருப்பம். அதன்பின் இன்னும் சில படிகள். அகன்ற அந்தப் படிக்கட்டின் நடுவே கைப்பிடி கிடையாது. இருட்டடிப்புச் சட்டத்தின்படி மங்கலான ஒரே விளக்கு. வாயிலில் மரப்பலகையாலான அடைப்பு.

1943க்குள் குண்டு வீச்சு வெகுவாகத் தணிந்திருந்தது. ஆயினும் மார்ச்சு முதல் தேதி இரவு ஆங்கிலேய விமானங்கள் பெர்லின் நகரைக் கடுமையாகத் தாக்கின. அதற்குப் பழி வாங்க எதிரி வருவான் என்று லண்டன் மக்கள் எதிர்பார்த்திருந்தனர். மார்ச்சு 3ஆம் தேதி இரவு 8 மணி 17 நிமிடத்திற்கு அபாயச் சங்கு ஊதியது. மழை பெய்து படிகள் ஈரமாயிருந்தன. குடும்பம் குடும்பமாக ஜனங்கள் ஒழுங்காகவே இறங்கிக் கொண்டிருந்தார்கள். 8 மணி 27 நிமிடத்திற்கு அருகிலிருந்த விக்டோரியா பூங்காவிலிருந்து பேரொலி ஒன்று எழுந்தது. அது எதிரியின் குண்டன்று. அவர்களுடைய சொந்த ராணுவம் புதிதாக நிறுத்தியிருந்த விமான எதிர்ப்பு ராக்கெட்டுகளின் ஓசை. அவற்றைப் பற்றி ஊராருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மேலே நின்றோர் விரைந்து இறங்க முற்பட்டனர். அதே வேளையில் கடைசிப் படிகளுக்கு அருகே, குழந்தையைக் கையில் ஏந்தியிருந்த ஒரு மாது இடறி விழுந்தாள். அவள்மேல் ஒரு முதியவர் விழுந்தார். பிறகு பின்னால் வந்தவர்கள். மேலிருப்போருக்குக் கீழே நடப்பது தெரியவில்லை. கீழிருப்போரால் எழ முடியவில்லை. சில விநாடிகளில் ஏறத்தாழ முந்நூறு பேர் அச்சிறு கிடங்கில் அடைந்துபோயினர்.

173 பேர் மாண்டனர். அவர்களுள் ஆடவர் 27, பெண்டிர் 84, குழந்தைகள் 62. அன்றிரவு பெத்னல் கிரீனில் ஒரு குண்டும் விழவில்லை.

பத்திரிகைகளில் செய்தி வந்தபோது இடத்தின் பெயர் இல்லை. லாரன்ஸ் டன் என்னும் மாஜிஸ்திரேட் ரகசியமாக விசாரணை நடத்தி, சில வாரங்களிலேயே அறிக்கை தந்தார். கூட்டம் தன்னடக்கம் இழந்ததே முதற் காரணம் என்று எழுதிய அவர், நுழைவாயிலின் குறைகளையும் எடுத்துக்காட்டினார். யூதர்களின் பீதியே காரணம் என்று ஊரில் உலவிய வதந்தியை அடியோடு மறுத்தார். எதிரிக்குத் துப்புக் கொடுத்ததாகும் என்று கூறி, உள்நாட்டு மந்திரி ஹெர்பர்ட் மாரிசன் அறிக்கையை வெளியிட மறுத்துவிட்டார். 1945இல்தான் அது அச்சாயிற்று.

இதனினும் கசப்பான செய்தி பழைய கடிதங்களில் கிடந்தது. வாயிலின் மர அடைப்பு ஜனத்திரளின் நெருக்குதலைத் தாங்காது, அதனை வலுவாகக் கட்ட வேண்டும் என்று பெத்னல் கிரீன் நகராண்மைக் கழகம் 1941இலேயே மேலதிகாரிகளுக்கு எழுதியிருந்தது. கேட்ட தொகை நூறு பவுனுக்கும் குறைவு. அவசியமில்லை என்று பதில் வந்தது. கழகம் மறுபடி எழுதியது. மறுபடியும் அதே பதில். கோப்புகளோடு பழகியோர்க்கு அப்பதிலின் நடை நன்கு தெரிந்திருக்கும். அதில் கோபமும் இராது, காரணமும் அதிகம் இராது. அதை எழுதியவர் கொடியவரும் அல்லர். அன்று அவர் மேசைமேல் அப்படிப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனையோ இருந்திருக்கும். ஆயினும் மறுத்தவர்கள் மறைவிலேயே இருந்தனர். கேட்டவர்கள்தாம் பழி சுமந்தனர். கணவனை இழந்த ஒரு பெண் தொடர்ந்த வழக்கில் நகராண்மைக் கழகமே கவனக் குறைவுக்குப் பொறுப்பு என்று 1944இல் தீர்ப்பாயிற்று. தாங்கள் எச்சரித்திருந்ததை வெளியே சொல்லக் கழகத்தாருக்கு அனுமதி இல்லை. அரசாங்கத்தின் தஸ்தாவேஜுகள் பிற்காலத்தில் திறக்கப்பட்டபோதுதான் உலகம் அதை அறிந்தது. அதற்குள் அந்தக் கழகமே மறைந்துவிட்டது. 1965இல் டவர் ஹாம்லெட்ஸ் என்னும் பெரிய நகரப் பிரிவோடு பெத்னல் கிரீன் இணைந்தது.

விபத்து நிகழ்ந்த சில நாட்களிலேயே படிக்கட்டில் கைப்பிடிகள் பொருத்தி, படிகளின் ஓரத்திற்கு வெள்ளை வர்ணம் தீட்டினார்கள். 1946 டிசம்பர் 4ஆம் தேதி நிலையத்தில் முதன்முதலாக ரயில் ஓடியது. இறந்தோர்க்கு ஒரு முழு நினைவுச் சின்னம் எழும்ப 2017 டிசம்பர் வரை ஆயிற்று. நிலைய வாயிலை அடுத்த பூங்காவில், தலைகீழாகக் கவிழ்த்த மரப் படிக்கட்டாக அது நிற்கிறது. மேற்பரப்பில் 173 சிறு துவாரங்கள் இட்டிருக்கிறார்கள். வெயில் அடிக்கும் நாளில் அவற்றின் வழியே ஒளி கீழே விழுகிறது. பக்கங்களில் இறந்தோர் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்துப் பல தடவை வருவதைக் காணலாம்.