வண்டுக்கு ஒரு சிலை!

தலைவர்களுக்குச் சிலை வைப்பார்கள், நடிகைக்குக் கோயில்கூடக் கட்டுவார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் என்டர்பிரைஸ் என்ற ஊர்க்காரர்கள் 1919 டிசம்பரில் ஒரு பூச்சிக்கு நன்றி சொல்லி நினைவுச்சின்னம் வைத்தார்கள்!

அது பருத்திக் கூன்வண்டு. மெக்சிகோவிலிருந்து 1892 வாக்கில் டெக்சாசுக்குள் நுழைந்தது. உடம்பு கால் அங்குலம்தான். நீண்ட மூக்கால் பருத்திச் சப்பையைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கும். புழு உள்ளிருந்தே தின்னும், சப்பை உதிர்ந்துவிடும். மேலே மருந்து தூவினால் உள்ளே இருக்கும் புழுவுக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது.

1915 வாக்கில் வண்டு என்டர்பிரைஸ் பக்கம் வந்ததும் பருத்தி படுத்துவிட்டது. விவசாயிகள் வேர்க்கடலைக்கு மாறினார்கள், கடலையில் காசு பார்த்தார்கள். அதற்குத்தான் அந்தச் சிலை. (முதலில் ஒரு பெண் சிலை மட்டும்தான். அவள் தலைக்கு மேல் வண்டு ஏறியது 1949-ல்!)

இதைப் படிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. சொந்த நிலம் இருந்தவர் பயிரை மாற்றலாம். வாரத்துக்கு உழுத கறுப்பினக் குடும்பங்கள் என்ன செய்யும்? கடைக்காரர் கடன் கொடுத்ததே பருத்தியை நம்பித்தான். விளைச்சல் போனதும் கடன் மட்டும் நின்றது. லட்சக்கணக்கானவர்கள் சிகாகோ, டெட்ராய்ட் என்று வடக்கே போனார்கள். நிறவெறியும் அங்கே கிடைத்த தொழிற்சாலை வேலையும் பெரிய காரணங்கள், இந்த வண்டும் ஒரு காரணம்.

1978-ல் வர்ஜீனியா, வட கரோலினா எல்லையில் ஒழிப்பு வேலை சோதனையாகத் தொடங்கியது. இனக்கவர்ச்சிப் பொறி, மாலத்தியான் தெளிப்பு, அறுவடைக்குப் பின் செடிகளை அழிப்பது.. மாநிலம் மாநிலமாக விரட்டினார்கள். இப்போது அது முதலில் நுழைந்த தெற்கு டெக்சாஸ் எல்லையோரத்தில் மட்டும் தலைகாட்டுகிறது.