ஐம்பது மைல் விதியும் ஓசூரும்: பழைய தருமபுரி மாவட்டத்தில் அரசின் தொழில் ஆதரவு, 1965–2004

1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலம் மாவட்டத்தின் வடபகுதி பிரிக்கப்பட்டுத் தருமபுரி மாவட்டம் உருவானது. தமிழகத்தின் வறிய மாவட்டங்களைக் குறிப்பிடும் அரசு ஆவணங்களில் இராமநாதபுரத்தோடு சேர்ந்தே வரும் பெயராக அது விரைவில் மாறியது. பின்தங்கிய மாவட்டம் என்ற அந்தப் பெயரின் வலிமையால் வந்த சலுகைகளைக் கொண்டு தென்னிந்தியாவின் முதன்மையான தொழில் நகரங்களுள் ஒன்று அம்மாவட்டத்திலேயே எழுந்தது. ஆயினும் எந்த ஊர்களின் வறுமையைக் காட்டி அச்சலுகைகள் பெறப்பட்டனவோ, அந்த ஊர்களுக்கு அவை பெரிதும் எட்டவில்லை. இது எவ்வாறு நேர்ந்தது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது. ஊழலோ அலட்சியமோ இதன் முதற்காரணம் அன்று. எந்த நிலப்பரப்பை அலகாகக் கொண்டு பின்தங்கிய நிலையை அளப்பது என்ற, பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் நிருவாக முடிவே அதன் காரணம் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

இந்நிலப்பகுதிக்கு அரசின் ஆதரவு விடுதலைக்குப் பின் வந்த புதுமையன்று. 1876–78 பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1880இன் பஞ்ச ஆணையம் பஞ்சப் பாதுகாப்புக்கென இருப்புப்பாதைகள் அமைக்கப் பரிந்துரைத்தது. அவ்வழியில், சென்னை–சேலம் பெரும்பாதையிலுள்ள மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் ஒரு குறுகிய பாதை திறக்கப்பட்டு, 1913இல் ஓசூர் வரை நீட்டிக்கப்பட்டது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு அதேபோன்ற மற்றொரு பாதை ஓடியது. இவை இலாபம் கருதி இடப்பட்டவையல்ல. மழை பொய்த்த ஆண்டில் தானியம் உள்நாட்டுக்குச் சென்று சேர வேண்டும் என்பதற்காக இடப்பட்டவை. உலகப்போர்க் காலத்தில், 1941இல், இரண்டும் மூடப்பட்டன. கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளையும் மேட்டுநிலக் கிராமங்களுக்கு வெளியுலகோடு இருந்த இருப்புப்பாதைத் தொடர்பு அத்துடன் அற்றுப்போயிற்று. 1960களின் இறுதியில் சேலம்–பெங்களூர் பாதை தருமபுரி, ஓசூர் வழியாக வந்தபோது, அது இரு பெருநகரங்களை இணைக்கும் பாதையாக வந்ததேயன்றி மொரப்பூர் வழி மீளவில்லை.

விடுதலைக்குப் பிந்தைய திட்டமிடலில் வட்டாரச் சமச்சீர்மை என்னும் சொல் மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் (1961–66) தனி இயலாகவே இடம்பெற்றது. சென்னையைச் சுற்றிக் கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகள் பெற்ற வெற்றியே மாநில அரசுக்கு ஒரு கவலையையும் தந்தது. தொழில்கள் தலைநகரிலும் கோவையிலும் குவிந்துகொண்டிருந்தன. மத்திய அளவில் இக்கவலைக்கு விடையாக 1968இல் இரண்டு பணிக்குழுக்கள் அமைக்கப்பட்டன. பின்தங்கிய பகுதிகளை இனங்காணும் பொறுப்பு பி. டி. பாண்டே தலைமையிலான குழுவுக்கும், அங்குச் செல்லும் தொழில்களுக்கு என்னென்ன சலுகைகள் வழங்கலாம் என்று கூறும் பொறுப்பு என். என். வாஞ்சூ தலைமையிலான குழுவுக்கும் தரப்பட்டன. 1969இல் இரண்டும் அறிக்கை அளித்தன.

பாண்டே குழுவின் அளவுகோல்களில் ஒன்று இன்று ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது. தேர்ந்தெடுக்கப்படும் மாவட்டம் பெருநகரங்களிலிருந்தும் பெருந்தொழில் திட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ ஐம்பது மைல் ஆரத்திற்கு வெளியே இருக்க வேண்டும் என்று அக்குழு கூறியது. எளிய விதி, நிலப்படமும் அளவுநூலும் போதும். பெருநகரத்தின் நிழலில் உள்ள நிலத்திற்கு அரசின் தூண்டுதல் தேவையில்லை, நகரமே அதைத் தேடி வரும் என்ற பட்டறிவு அதற்குள் இருந்தது. பின்னர்த் திட்டக்குழுவும் மாநிலங்களும் கலந்து ஏற்ற அளவுகோல்களில் தனிநபர் உணவுதானிய உற்பத்தி, வேளாண் தொழிலாளர் விகிதம், தொழில் உற்பத்தி, தொழிற்சாலை வேலைவாய்ப்பு, மின்நுகர்வு, சாலை மற்றும் இருப்புப்பாதையின் நீளம் ஆகியவை நின்றன, தூரம் நிற்கவில்லை. மேலும் இவை அனைத்தும் மாவட்டச் சராசரிகள். ஒரு மாவட்டத்தின் ஒரு மூலையில் இருப்பது எது, மற்றொரு மூலையில் இருப்பது எது என்பதைச் சராசரி சொல்வதில்லை.

தருமபுரிக்கு இந்த நீக்கம் என்ன பொருள் தந்தது என்பதைத் தூரங்களே காட்டும். மாவட்டத் தலைநகரான தருமபுரி பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர், அதாவது எண்பது மைல். மாவட்டத்தின் வடமேற்கு எல்லையிலுள்ள ஓசூரோ ஏறத்தாழ 40 கிலோமீட்டர், இருபத்தைந்து மைல். பாண்டே குழுவின் விதியை வட்ட அளவில் பின்பற்றியிருந்தால் ஓசூர் பட்டியலுக்குள் வந்திருக்க இயலாது. மாவட்ட அளவில் அளந்ததால், அரூர், பென்னாகரம் வட்டங்களின் வறுமை ஓசூருக்கு உரிமைச்சீட்டாயிற்று.

சலுகைகள் சிறியனவல்ல. நிதி நிறுவனங்களின் குறைந்த வட்டிக் கடன் 1970 முதல் பட்டியலிட்ட மாவட்டங்களுக்குக் கிடைத்தது. தமிழகப் பட்டியலில் தருமபுரி இடம்பெற்றது. 1971இல் நிலையான மூலதனத்தில் நூற்றுக்குப் பத்து என்ற அளவில் தொடங்கிய மத்திய முதலீட்டு உதவித்தொகை 1973இல் பதினைந்தாக உயர்ந்தது. வருமான வரிச் சட்டத்தில் 1974இல் சேர்க்கப்பட்ட 80எச்எச் பிரிவு, பின்தங்கிய பகுதியில் நிறுவப்பட்ட தொழிலின் இலாபத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பத்தாண்டுகளுக்கு வரியிலிருந்து கழித்துக்கொள்ள இடமளித்தது. அச்சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலும் அலகு பெரும்பாலும் மாவட்டமே. மாநில அரசின் பங்காக, 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் இராணிப்பேட்டையை அடுத்து ஓசூரில் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் தொழில் வளாகம் அமைத்தது. நிலம், சாலை, நீர், மின்சாரம் ஆகியவற்றை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தி வைத்திருந்தமை வெறும் பணச்சலுகையைவிடப் பெரிய ஈர்ப்பு என்பதில் ஐயமில்லை.

விளைவு வியத்தகு விரைவில் வந்தது. 1980இல் அசோக் லேலண்டின் ஓசூர் ஆலை இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் டிவிஎஸ் குழுமத்தின் சிறு மொபெட் ஓசூரிலிருந்து சந்தைக்கு வந்து, நாட்டுப்புறச் சாலைகளின் அன்றாடக் காட்சியாயிற்று. 1984இல் டாடா குழுமமும் மாநில அரசின் டிட்கோ நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் கைக்கடிகார நிறுவனம் ஓசூரில் ஆலை அமைத்தது. அந்த ஆலைக்கு மாநிலத்தின் பல ஊர்களிலிருந்து பள்ளிப்படிப்பை முடித்த இளைஞர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சியளிக்கப்பட்டனர் என்பது தனியே எழுதப்பட வேண்டிய வரலாறு. 1956இன் மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசப்பட்ட எல்லைச் சிற்றூர் என்றே ஓசூர் அறியப்பட்டது. அதுவரை அவ்வூருக்கு இருந்த அடையாளங்கள் கிழக்கிந்தியக் கும்பினி காலத்துக் கால்நடைப் பண்ணையும், அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878இல் இராஜாஜி பிறந்தார் என்பதும்தான்.

ஓசூரின் வெற்றியை மறுப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. அங்குப் பிழைப்புத் தேடிச் சென்ற பல்லாயிரவருள் தருமபுரிக் கிராமத்தாரும் உண்டு. ஆனால் அந்த வெற்றி எதன் விளைவு என்பதே வினா. தமிழகச் சலுகையையும் பெங்களூர்ச் சந்தையையும் ஒருங்கே பெறக்கூடிய இடம் ஓசூர். பொறியாளர் பெங்களூரிலிருந்தே வேலைக்கு வந்து போகலாம். உதிரிப்பாகம் அங்கிருந்தே வரலாம். வானூர்தி நிலையமும் அங்கேதான். இத்தகைய அண்மை வாய்க்காத மானாமதுரையிலும் புதுக்கோட்டையிலும் அதே சிப்காட் நிறுவனம் அமைத்த வளாகங்கள் ஓசூரைப்போல் நிரம்பவில்லை. நிறுவனம் ஒன்றே, சலுகையும் ஏறக்குறைய ஒன்றே, வேறுபட்டது தூரம்.

இது தமிழகத்திற்கு மட்டும் உரிய பிழையன்று. பசுமைப் புரட்சிக் காலத்தில் மத்திய வேளாண்மைச் செயலாளராக இருந்த பி. சிவராமன் தலைமையில் 1978இல் அமைந்த பின்தங்கிய பகுதி வளர்ச்சிக்கான தேசியக் குழு இதே நிலையை நாடு முழுவதும் கண்டது. உதவித்தொகையின் பெரும்பகுதியை, வளர்ந்த தொழில் மையங்களுக்கு அருகமைந்த சில மாவட்டங்களே ஈர்த்துக்கொண்டதாக அக்குழு சுட்டியது. மாவட்டத்தைவிடச் சிறிய அலகு தேவை என்ற வாதமும் அப்போதே எழுந்தது. 1983இல் மாவட்டங்கள் மூன்று வகைகளாகப் பிரிக்கப்பட்டு, தொழிலே இல்லாதவற்றுக்கு உயர்ந்த விகிதம் தரப்பட்டது. 1988இல் மத்திய உதவித்தொகைத் திட்டமே நிறுத்தப்பட்டது. ஓசூருக்கு அதனால் இழப்பில்லை. அது அதற்குள் தன் காலில் நின்றிருந்தது.

இதே ஆண்டுகளில் உலகின் மற்றொரு கோடியில் நடந்த முயற்சி ஒன்று ஒப்பிடத் தக்கது. அதுவும் மாநில எல்லையிலேயே நடந்தது. சிட்னியிலும் மெல்பர்னிலும் மக்கள் குவிவதைத் தடுத்து உள்நாட்டு ஊர்களை வளர்க்க வேண்டும் என்ற கோரிக்கை ஆஸ்திரேலியாவில் நெடுங்காலமாக இருந்தது. 1973 சனவரியில் பிரதமர் கஃப் விட்லம், நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் ராபர்ட் அஸ்கின், விக்டோரியா முதல்வர் ரூபர்ட் ஹேமர் மூவரும் கூடி, மர்ரி ஆற்றின் இருகரையிலும் உள்ள ஆல்பரி–வொடோங்கா இரட்டை நகரங்களை வளர்ச்சி மையமாக அறிவித்தனர். 2000ஆம் ஆண்டுக்குள் மூன்று இலட்சம் மக்கள் என்பது இலக்கு. இவ்வூர் மெல்பர்னிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். சிட்னியிலிருந்து ஐந்நூறுக்கு மேல். பாண்டே குழு வகுத்த தூரவிதியை அக்குழுவை அறியாமலே அவர்கள் நிறைவேற்றினர் எனலாம். வளர்ச்சிக் கழகம் நிலத்தை முன்கூட்டியே பெருமளவில் வாங்கியது. அரசுச் செலவால் உயரும் நிலமதிப்பு தரகர்களிடம் போகாமல் பொதுவுக்கே திரும்ப வேண்டும் என்பது அதன் எண்ணம். 1975இல் ஆட்சி மாறியதும் நிதி குறைந்தது. இன்று அவ்விரு நகரங்களின் மக்கள்தொகை ஒரு இலட்சத்தை ஒட்டியே நிற்கிறது. உண்மையிலேயே தொலைவிலுள்ள ஊரைத் தேர்ந்தால் கால் நூற்றாண்டுக்கு மேல் தளராத நிதி தேவை. அருகிலுள்ள ஊரைத் தேர்ந்தால் பத்தாண்டில் வெற்றி விழா கொண்டாடலாம். அரசுகள் பின்னதை விரும்புவது இயல்பே.

எல்லைக்கோட்டின் விந்தை இன்றைய தமிழ்க் குடியேறிகளுக்கும் அயலன்று. நார்த்மீட், வென்ட்வொர்த்வில் போன்ற சிட்னியின் மேற்குப் புறநகர்களில் உறவினரோடு தங்கி வேலை தேடும் இளைஞர், பெருநகருக்கு வெளியே வாழ்ந்தால் நுழைவிசைவுப் புள்ளிகள் கூடும் என்பதை அறிவார். 2019 நவம்பர் முதல் நியூகாசிலும் வொலங்காங்கும் அவ்வகைப் புறவட்டாரமாக எண்ணப்படுகின்றன. வொலங்காங் சிட்னியிலிருந்து ஏறத்தாழ ஐம்பது மைல். வறண்ட மேற்கு நிலத்துச் சிற்றூர்களின் ஆட்பற்றாக்குறையைக் காட்டி வகுத்த சலுகை கடற்கரைத் தொழில்நகரத்திற்கும் சேர்வதில் தருமபுரியின் சாயல் தெரிகிறது.

தருமபுரியின் உள்வட்டங்களுக்கு அரசு ஒன்றும் செய்யவில்லை என்பதும் உண்மையன்று. பாலக்கோட்டிலும் அரூர்ப் பகுதியிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் வந்தன. நிலத்தடி நீரில் மிகுந்த புளோரைடால் பற்களும் எலும்பும் பாதிக்கப்பட்ட மக்களுக்கு, சப்பானிய நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இவை ஓசூருக்குச் சென்ற மூலதனத்தைப்போல் ஒன்றையொன்று ஈர்த்துப் பெருகும் தன்மையுடையனவல்ல. கரும்பு நீரை நம்பியது. நீர் மழையை நம்பியது. மழை தவறிய ஆண்டுகளில் பென்னாகரம், அரூர் இளைஞர்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பேருந்தேறினர்.

2004 பிப்ரவரியில் ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி, ஊத்தங்கரை வட்டங்கள் பிரிந்து கிருஷ்ணகிரி மாவட்டமாயின. முப்பது ஆண்டுகளாகத் தருமபுரியின் பெயரால் வளர்ந்த தொழில்கள் ஒரே அரசாணையில் வேறு மாவட்டத்தின் கணக்குக்குச் சென்றன. நிருவாக வசதிக்கு அப்பிரிவினை தேவையாக இருந்திருக்கலாம். புள்ளிவிவரத்திற்கு அது ஓர் உரைகல்லாக அமைந்தது. 2011 கணக்கெடுப்பில் ஓசூர் நகர மக்கள்தொகை ஒரு இலட்சத்தைக் கடந்திருந்தது. பழைய தலைநகரான தருமபுரி எழுபதாயிரத்தைத் தொடவில்லை. மாநிலத்தின் எழுத்தறிவு நூற்றுக்கு 80 என்றிருக்க, தருமபுரி மாவட்டத்தில் 68.5; தமிழகத்தில் அதுவே கடைசி. கிருஷ்ணகிரியோ 71.5 தான். அதாவது சராசரியின் திரை புதிய மாவட்டத்திலும் விலகிவிடவில்லை. ஓசூரிலிருந்து சிலமணி நேரப் பயணத்திலுள்ள அஞ்செட்டி மலைக்கிராமங்களின் நிலையை இப்போது ஓசூரின் ஆலைகள் மறைத்து நிற்கின்றன. முன்பு அம்மலைக்கிராமங்களின் வறுமை ஆலைகளுக்குச் சலுகை பெற்றுத் தந்தது.

பின்னாளில் மாநிலச் சமச்சீர் வளர்ச்சி நிதி மாவட்டத்தை விடுத்து ஊராட்சி ஒன்றியத்தை அலகாகக் கொண்டது. நிதியின் அளவு சிறிதாயினும் முறை சரியானது. ஆனால் பெருந்தொழில் முதலீட்டுக்குரிய 2021ஆம் ஆண்டுத் தொழிற்கொள்கை மாவட்டங்களையே மீண்டும் மூவகையாக அடுக்கியது. அதே காலத்தில் மின்னணு ஆலைகள் ஓசூருக்கு வெளியேயும், மின்-இருசக்கர வாகன ஆலை போச்சம்பள்ளி அருகிலும் எழுந்தன. தொழில் உட்பகுதியை நோக்கி மெல்ல நகர்கிறது என்று இதைக் கொள்ளலாம். அந்நகர்வுக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. 1941இல் மூடப்பட்ட மொரப்பூர்–தருமபுரி இருப்புப்பாதைக்கு மறுபடியும் அடிக்கல் நாட்டப்பட்டது 2019இல். அதன் நீளம் ஏறத்தாழ 36 கிலோமீட்டர்.