சாம்பலை இழுத்த கல்லும் விருத்தாசலத்துச் சூளையும்

கருவேப்பிலங்குறிச்சி, விருத்தாசலம் பக்கத்தில் பீங்கான் என்றதும் நினைவுக்கு வருபவை இரண்டு: பொம்மை, ப்யூஸ் கேரியர். மின்சாரத்தைத் தடுக்கவென்றே சுடப்படும் பீங்கான், அழுத்தினால் மின்சாரம் தரும் என்றால் நம்மாட்கள் சிரிப்பார்கள். ஆனால் அடுப்படியில் 'டக்'கென்று பொறிவிடும் கேஸ் லைட்டருக்குள் இருப்பது அப்படியொரு துண்டுதான்.

இதன் வரலாற்றைப் பாடப்புத்தகங்கள் 1880, பாரிஸ், கியூரி சகோதரர்கள் என்று தொடங்குகின்றன. படிகத்தை அழுத்தினால் மின்னூட்டம் பிறக்கிறது. மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் துளியளவு நீள்கிறது, சுருங்குகிறது. உணரியும் இயக்கியும் ஒரே பொருள். சரி. ஆனால் அவர்கள் சோதித்த கற்களில் ஒன்றான டூர்மலினுக்குப் பெயர் தந்தது சிங்களச் சொல். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து கொண்டுபோன கல் அது. சூடேற்றினால் சாம்பலை இழுத்ததால் 'சாம்பல் இழுப்பான்' என்றார்கள். கல்லோடு அதன் பெயரும் கப்பலேறியது. தோண்டியவர்கள் பெயர் ஏறவில்லை.

பிறகு யுத்தம். 1917இல் லான்ஷ்வின் குவார்ட்ஸை எஃகுத் தகடுகளுக்கிடையில் வைத்து நீர்மூழ்கிகளைத் தேடினார். 1940களில் பேரியம் டைட்டனேட், 1950களில் ஈய சிர்கோனேட் டைட்டனேட். படிகத்தின் இடத்தைப் பீங்கான் பிடித்தது.

நம் பீங்கான் கலவையிலும் குவார்ட்ஸ் உண்டு. அதன் துகள்கள் ஆளுக்கொரு திசையில் கிடப்பதால் ஒன்றின் விளைவை இன்னொன்று அழித்துவிடுகிறது. புதிய பீங்கானிலும் துகள்கள் அப்படித்தான் கிடக்கும். சுட்டபின் உயர் மின்னழுத்தம் கொடுத்து அவற்றின் மின்முனைவை ஒரு திசைக்குத் திருப்பிவிடலாம். இரண்டும் வேகும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான், 1200 டிகிரியை ஒட்டி. அப்படியானால் தூரம் நெருப்பில் இல்லை. தூய பொடியில், கருவியில், அவற்றைத் தொட அனுமதிக்கப்பட்ட கைகளில் இருக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பயிலகம் உண்டு. இந்தப் பீங்கானோ கொச்சியில் 1952இல் தொடங்கிய கடற்படை ஆய்வகத்தின் சோனார் வேலைக்குள் போனது. இதைத் தற்செயல் என்று நான் எண்ணவில்லை. மண்ணைப் பிசைகிறவனுக்குப் பொம்மை, கணக்குப் போடுகிறவனுக்கு ஆய்வகம் என்ற பிரிவினை நமக்குப் பழையது.

கருவியைப் போற்றிப் பாடவும் முடியாது. ஸ்கேன் கருவியின் முனையில் ஒலியை அனுப்பி வாங்குவதும் இதே பீங்கான்தான். கருவில் பெண்ணைத் தேடிக் கொன்ற சமூகத்துக்கு 1994இல் தனிச்சட்டமே தேவைப்பட்டது. உணரி உணரும், எதற்காக என்பதை அதைப் பிடித்திருக்கும் கைதான் தீர்மானிக்கிறது.

இன்னொன்று: இதன் எடையில் பாதிக்குமேல் ஈயம். ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் மின்னணுப் பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியபோதும் இந்தப் பீங்கானுக்கு விலக்கு அளித்தது. நாளை ஒரு சூளை இதற்கென்று நம் பக்கம் வந்தால், 'வேலை வருது' என்று மகிழ்வதற்குமுன் கேட்க வேண்டியவை இரண்டு: மின்முனைவைத் திருப்பும் அறிவும் சேர்ந்து வருகிறதா? இல்லை, ஈயத் தூசி மட்டும்தானா?