மூக்குப்பொடியும் ஈரமும்

அடைமழைக் காலத்தில் ஜாடியைத் திறந்தால் உப்பு நீர்விட்டுக் கட்டியாகக் கிடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் அந்தக் குணம் புகையிலைக்கும் உண்டு. மூக்குப்பொடியின் வரலாற்றில் பாதி, இந்த ஈரத்தோடு மனிதர் நடத்திய மல்லுக்கட்டுதான்.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1560-ஆம் ஆண்டையொட்டிப் போர்த்துகலில் பிரெஞ்சுத் தூதராயிருந்த ழான் நிக்கோ, மருந்தென்று சொல்லி அதைத் தம் நாட்டு அரண்மனைக்கு அனுப்பினார். 'நிக்கோட்டின்' என்ற பெயர் அவரால் வந்ததே.

அன்றைய பிரபுக்கள் தாமே பொடியைத் துருவிக்கொண்டனர். ஈரமான இலைகளை முறுக்கிக் கயிற்றால் இறுகக் கட்டி வைப்பார்கள். அதன் வடிவத்தைப் பார்த்துக் 'காரட்' என்றே பெயரிட்டனர். வேண்டும்போது, நாம் தேங்காய் துருவுவதுபோல, சிறு துருவியில் உரசிக்கொள்வார்கள். கட்டுக்குள் ஈரம் காயாது; மணமும் போகாது. இப்படித் துருவிய பருபருவென்ற ஈரப்பொடிக்கு 'ராப்பே' என்று பெயர்.

ஸ்காட்லாந்து, அயர்லாந்துக்காரர் வழி வேறு. அவர்கள் தீயில் வாட்டி, மாவாக அரைத்தார்கள். டப்ளின் நகரில் லண்டி ஃபுட் என்ற வியாபாரியின் ஆள் தூங்கிவிட, சூளையிலிருந்த பொடி கருகிப்போனதாம். அதையே மலிவாக விற்கப்போய்ப் பெயர் பெற்றுவிட்டதாம். கதைதான், ஆனாலும் கேட்கச் சுவையாக இருக்கிறது!

உலர்ந்த மாவுப்பொடி இலேசானது. மூக்கின் உட்புறம் வரை பறந்து, சுரீரென்று எரித்துத் தும்மல் கிளப்பும், தொண்டையிலும் இறங்கும். ஈரப்பொடியோ கனமானது. மூக்கின் முன்பக்கத்திலேயே ஒட்டி நிற்பதால் எரிச்சல் குறைவு, மணம் நீடிக்கும். ஈரம் மிஞ்சினால் பூசணம் பிடிக்கும். அதனால்தான் பிரெஞ்சுக்காரர் வெறும் தண்ணீர் தெளிக்காமல் உப்புநீர் தெளித்துப் புளிக்கவைத்தனர். தமிழ்நாட்டில் நெய்யும் சுண்ணாம்பும் சேர்த்துப் பிசைந்து, உலர்ந்த வாழைமட்டையில் கட்டி விற்றார்கள். நம் முன்னோர் மடியில் முடிந்துவந்த பொடிமட்டை இதுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எரிச்சல் வேறு, வீரியம் வேறு. "நமநமவென்று இருக்கிறது, இது சாதுவான பொடி" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது மூக்கின் தீர்ப்பு; இரத்தத்தின் தீர்ப்பு அன்று. சுண்ணாம்போ சாம்பலுப்போ கலந்த பொடியில் ஈரமும் சேர்ந்தால், இலையில் கட்டுண்டு கிடக்கும் நிக்கோட்டின் விடுபட்டு, மூக்கின் மெல்லிய சவ்வு வழியே விரைவில் உள்ளே போய்விடும். ஆகவே எரிக்காத பொடி கூடுதல் நிக்கோட்டினைக் கொடுக்கவும் கூடும். பொடி போட்டவரின் இரத்தத்தில், சிகரெட் பிடித்தவருக்கு ஏறும் வேகத்திலேயே நிக்கோட்டின் ஏறுவதை 1980-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். பழக்கத்தை விடமுடியாமல் பாட்டி தவிப்பது ஏன் என்பது இதிலிருந்தே விளங்கும். ஏச்சுப் பேச்சால் அது தீராது.

இந்தப் பழக்கத்தின் கெடுதலைப் பற்றிய முன்னெச்சரிக்கை மிகப் பழையது. இலண்டன் மருத்துவர் ஜான் ஹில், பொடி போட்டவர்களின் மூக்கில் புற்றுக்கட்டி வளர்ந்ததைக் கண்டு 1761-ஆம் ஆண்டிலேயே சிறு நூல் எழுதினார். அப்போது ஐரோப்பாவில் பொடி டப்பா பொன்னிலும் தந்தத்திலும் செய்யப்பட்டு, ராஜாக்கள் பரிசளிக்கும் பொருளாக இருந்தது. ஹில்லின் பேச்சு அரங்கேறவில்லை.