எனியாக் அறுவர்: பணித்தரமும் வரலாற்று மறதியும்

பீரங்கியை எந்தக் கோணத்தில் நிமிர்த்தினால் குண்டு எவ்வளவு தொலைவில் விழும் என்பதைப் போர்முனையில் நின்றுகொண்டு கணக்கிட முடியாது. முன்கூட்டியே தயாரித்த அட்டவணை வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்க ராணுவத்துக்காக இந்த அட்டவணைகளைத் தயாரிக்கும் பணியில் பிலடெல்பியாவிலுள்ள மூர் மின்பொறியியல் பள்ளியில் ஏறக்குறைய 200 இளம்பெண்கள் ஈடுபட்டிருந்தனர். மேசைக் கணக்குப்பொறியைக் கொண்டு ஒரேயொரு குண்டின் பாதையைக் கணக்கிடவே 30 மணி நேரத்துக்கும் மேலாகும். கணிதப் பட்டதாரிகளும் இருந்த இந்தக் குழுவை, தொழில்முறை வல்லுநருக்குக் கீழான தரத்தில்தான் ராணுவம் வைத்தது. வேலையின் தன்மையைப் பாராமல், செய்பவரைப் பார்த்து இடப்பட்ட இந்தத் தரமே பின்னாளைய மறதிக்கு வேர் என்பது என் வாதம்.

இக்கணக்கை விரைவுபடுத்தவே 1943இல் ஜான் மாக்லியும் பிரெஸ்பர் எக்கர்ட்டும் எனியாக் மின்னணுக் கணினியைக் கட்டத் தொடங்கினர். சுமார் 18,000 வால்வுகள், 30 டன் எடை. அதற்குக் கணக்கை ஏற்றிக் கொடுக்க 1945இல் ஆறு பெண்கள் தேர்வாயினர்: கேத்லீன் மெக்நல்டி, ஃபிரான்சிஸ் பிலாஸ், ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், ரூத் லிக்டர்மன், மார்லின் வெஸ்காஃப்.

அவர்கள் செய்தது என்ன என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். வரலாறு நழுவவிட்ட இடம் இதுதான். எனியாக்குக்கு நிரல்மொழி கிடையாது, கையேடும் அப்போது இல்லை. பாதுகாப்பு அனுமதி கிடைக்கும்வரை இயந்திரம் இருந்த அறைக்குள்ளேயே அவர்கள் போக முடியவில்லை. கையில் இருந்தவை சுற்று வரைபடங்கள் மட்டுமே. அவற்றைப் படித்து, பொறியாளர்களிடம் கேட்டு, ஒவ்வொரு பகுதியின் இயக்கத்தையும் கற்றனர். ஒரு சமன்பாட்டைச் சிறுசிறு கூட்டல் கழித்தல்களாகப் பிரித்து, எந்தப் பகுதி எந்தக் கணத்தில் இயங்க வேண்டும் என்று திட்டமிட்டு, அதன்படி கம்பிகளைச் செருகி, சுவிட்சுகளைத் திருப்பி வைக்க வேண்டும். பல பகுதிகள் ஒரே நேரத்தில் இயங்கக்கூடியவை. காலக்கணக்கு ஓரிடத்தில் பிசகினாலும் விடை பாழ். விடை தவறினால், கோளாறு திட்டத்திலா, கம்பியிலா, எரிந்துபோன வால்விலா என்று கண்டறிவதும் அவர்கள் வேலையே.

1946 பிப்ரவரியில் எனியாக் உலகுக்கு அறிமுகமானபோது, 30 நொடி பறக்கும் குண்டின் பாதையை 20 நொடிகளில் கணக்கிட்டுக் காட்டியது. விழா விருந்துக்கு இந்தப் பெண்களுக்கு அழைப்பில்லை. எனியாக் படமொன்றை ராணுவம் ஆள்சேர்ப்பு விளம்பரத்துக்கு எடுத்தபோது, அதிலிருந்த பெண்கள் வெட்டி நீக்கப்பட்டதை 1999இல் வரலாற்றாய்வாளர் ஜெனிபர் லைட் தம் ஆய்வில் சுட்டிக்காட்டினார்.

சான்றுகளுக்குள் முரணும் உண்டு. ராணுவத்தின் சார்பில் திட்டத்தை நடத்திய ஹெர்மன் கோல்ட்ஸ்டைன், அறிமுக விழாக் கணக்கைத் தாமும் தம் மனைவி அடேலும் அமைத்ததாக 1972இல் வெளியான நூலில் எழுதினார். தானும் பெட்டி ஸ்னைடருமே அதை அமைத்ததாக ஜீன் ஜென்னிங்ஸ் தம் நினைவுக்குறிப்பில் மறுத்தார். எனியாக்கின் தொழில்நுட்பக் கையேட்டை 1946இல் எழுதியவர் அடேல். அவர் பங்கும் சிறிதன்று. ஆயினும் விழாக் கணக்கைப் பொறுத்தவரை, சுவிட்சு வரை நுணுக்கமாகச் சொல்லும் ஜென்னிங்ஸின் சாட்சியமே எனக்கு வலுவாகத் தெரிகிறது.

பெட்டி ஸ்னைடர் பின்னர் ஹோல்பர்ட்டன் என்ற பெயரில் யுனிவாக் கணினிக்கு ஆணைத்தொகுதி வகுத்தார்; தரவுகளை வரிசைப்படுத்தும் நிரலைத் தானே உருவாக்கித் தரும் நிரலை எழுதினார்; கோபால் (COBOL) நிரல்மொழி உருவாக்கத்திலும் பங்கேற்றார். அப்படியிருந்தும் 1980களில் கேத்தி கிளைமன் என்ற மாணவி பழைய படங்களில் இருந்த பெண்கள் யார் என்று விசாரித்தபோது, அவர்கள் இயந்திரத்துக்கு அழகு சேர்க்க நிறுத்தப்பட்ட மாடல்கள் என்றே பதில் வந்தது. அவரது தேடலே அறுவரையும் மீண்டும் வெளிக்கொணர்ந்தது. 1997இல் அவர்களுக்குச் சிறப்புச் செய்யப்பட்டபோது ரூத் லிக்டர்மன் உயிரோடு இல்லை.

அவர்களை முதல் நிரலாளர்கள் எனப் போற்றும்போது, இயந்திரத்தை இயக்கிய உழைப்பு மறுபடி தாழ்ந்துவிடுகிறது என்று கணினி வரலாற்றாய்வாளர்கள் தாமஸ் ஹெய்கும் மார்க் பிரீஸ்ட்லியும் வாதிடுகின்றனர். நியாயமான எச்சரிக்கை. ஆனால் எனியாக்கில் நிரலாக்கத்தையும் இயக்கத்தையும் பிரிக்க முடியாது. அறிமுக நாளுக்கு முந்தைய இரவிலும், குண்டு தரையைத் தொட்ட பிறகும் கணக்கு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை வந்த ஸ்னைடர் ஒரு சுவிட்சைத் திருப்பினார். கணக்கு சரியான இடத்தில் நின்றது. அவர் திருத்தியது இயந்திரத்தையும்தான், நிரலையும்தான்.