எம். எஸ். சுப்புலட்சுமியின் திரை வாழ்க்கை

எம். எஸ். சுப்புலட்சுமி (16 செப்டம்பர் 1916 – 11 டிசம்பர் 2004) மதுரையில் பிறந்த கருநாடக இசைப் பாடகர். தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்கக்கால நடிகையருள் ஒருவர். அவர் நடித்த தமிழ்ப் படங்கள் நான்கே.

பிறப்பு

தாயார் சண்முகவடிவு வீணைக் கலைஞர். 'எம்' மதுரையையும் 'எஸ்' தாயாரையும் குறிக்கும். தாயின் பெயரை முதலெழுத்தாகக் கொள்வது தேவதாசி மரபுக் குடும்பங்களின் வழக்கம்.

திரைப்படங்கள்

முதல் படம் கே. சுப்பிரமணியம் இயக்கிய 'சேவாசதனம்' (1938). புராணக் கதைகளே மிகுந்திருந்த அந்நாளில், முதியவருக்கு மணமுடிக்கப்பட்ட இளம்பெண்ணின் துயரை அது பேசியது. மூலக்கதை பிரேம்சந்தின் நாவல்.

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சகுந்தலை' (1940) படத்தில், புகழ்பெற்ற பாடகர் ஜி. என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தனாக நடித்தார். அதே ஆண்டில் சுப்புலட்சுமி, விடுதலைப் போராட்ட வீரர் தி. சதாசிவத்தை மணந்தார்.

'சாவித்திரி' (1941) படத்தில் அவர் ஏற்றது நாரதர் என்னும் ஆண் வேடம். அதற்குக் கிடைத்த ஊதியமே, எழுத்தாளர் கல்கியும் சதாசிவமும் அவ்வாண்டு தொடங்கிய 'கல்கி' இதழுக்கு முதலாயிற்று.

டங்கன் இயக்கிய 'மீரா' தமிழில் 1945-இலும் இந்தியில் 1947-இலும் வெளியானது. இந்திப் படத்தின் தொடக்கத்தில் சரோஜினி நாயுடு தோன்றி அவரை அறிமுகப்படுத்தினார். வடநாட்டிலும் புகழ் பரவிய அவ்வேளையில் அவர் நடிப்பை நிறுத்திக்கொண்டார்.

பிற்காலம்

பின்னர் இசை மேடையே அவர் வாழ்வாயிற்று. 1966-இல் ஐக்கிய நாடுகள் அவையில் பாடினார். நற்பணிகளுக்குக் கச்சேரிகள் வழியே நிதி திரட்டித் தந்தமைக்காக 1974-இல் மகசேசே விருதும், 1998-இல் பாரத ரத்னா விருதும் பெற்றார். பாரத ரத்னா பெற்ற முதல் இசைக் கலைஞர் அவரே. ஓர் இதழ் பிறக்கத் திரைப்பட ஊதியத்தைத் தந்தவர், பின்னாளில் கச்சேரி வருவாயையும் பிறருக்கே தந்தார்.